மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

கதை எழுதுகிற ஆள் இல்லை நான். சுவர்களைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறவள். எந்தச் சுவர், எத்தனை அடி, எங்கே விரிசல், எத்தனை மணிக்குப் பார்த்தேன்... அவ்வளவுதான் என் எழுத்து. அப்படி எழுதிய ஒரு தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இங்கே நான் சொல்லப்போகும் நேரம் எல்லாம் அந்தத் தாளைப் பார்த்துச் சொல்வதுதான். கூட்டிச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பேய் என்று யாராவது ஆரம்பித்தாலே "போய் வேற வேலை இருந்தா பாருங்கப்பா" என்று எழுந்து போய்விடுகிறவள் நான். நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பழைய கட்டடங்களைக் கெடுக்காமல் பழுது பார்ப்பது எப்படி என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். சம்பளம் வாங்காமல் ஆர்வத்தால் வருகிறவர்கள்தான் என் மாணவர்கள். வாரக்கடைசியில் மட்டும் வகுப்பு. அந்த முறை எங்களுக்குக் கிடைத்தது ஒரு பழைய தானியக் கிடங்கு. தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆன கட்டடம். அதில் அறுபது வருடமாக ஒரு மணி தானியம்கூட உள்ளே போனதில்லை. அதை நூலகமாக மாற்றலாமா, இடித்துத் தள்ளலாமா என்று நகர மன்றம் திங்கட்கிழமை முடிவு செய்வதாக இருந்தது. சுவர்கள் எப்படி இருக்கின்றன என்ற அறிக்கையை அதற்குள் நான் கொடுக்க வேண்டும்.

வகுப்பில் ஆறு பேர். அதில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருவர் தையல்காரர். ஒருவர் நூலகர். மூன்றாமவர் என் அத்தான், அக்காவின் கணவர்.

அத்தான் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் உட்கார்ந்து அக்காவுக்குச் சமையல் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அக்கா பத்தே நாளில் எனக்குப் போன் செய்துவிட்டாள்.

"இந்த மனுஷன் என் உயிரை வாங்குறாருடி. உன் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போ. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"அங்க ஒரே தூசிக்கா. அவருக்கு மூச்சிரைப்பு ஆச்சே."

"முகமூடி போட்டுவிடு. ஸ்ப்ரே பையில இருக்கான்னு பாத்துக்கோ. உன்னை நம்பித்தான் அனுப்புறேன். ஏழு மணிக்குள்ள பத்திரமாக் கொண்டுவந்து விட்டுடணும், சொல்லிட்டேன்."

சரி என்றேன். பத்திரமாகக் கொண்டுவந்து விடுவேன் என்று என் வாயால்தான் சொன்னேன்.

கிடங்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நீள நடை. அதன் ஒரு பக்கம் வரிசையாக ஆறு அறைகள். ஜன்னல் கிடையாது. உயரம் பதினான்கு அடி. கூரையில் ஒரு சதுர ஓட்டை. அந்தக் காலத்தில் மேலே இருந்து அதன் வழியாகத்தான் தானியத்தைக் கொட்டுவார்கள். கீழே குனிந்து நுழைகிற மாதிரி ஒரு இரும்புக் கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். அறைக்கும் அறைக்கும் நடுவே உள்ள சுவர் முழங்கை நீளத்துக்குத் தடிமன். இந்த அறையில் கத்தினால் அந்த அறையில் கேட்காது. சுவரைத் தட்டினால் மட்டும் கேட்கும்.

கதவுகள் எல்லாம் துருப்பிடித்து, திறந்த நிலையிலேயே இறுகிப் போயிருந்தன. சனிக்கிழமை வகுப்பு இரும்பைப் பராமரிப்பது பற்றியது. நான்காம் அறைக் கதவைத் தையல்காரரிடம் கொடுத்தேன். துருவை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தால் போதும் என்றுதான் சொன்னேன். மனிதர் சும்மா இருப்பாரா? மதியம் சாப்பிட்டுத் திரும்பும்போது தன் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து, கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் சொட்டுச் சொட்டாக விட்டு, மூன்று மணி நேரம் அசைத்து அசைத்து அதை வேலை செய்ய வைத்துவிட்டார்.

"பாருங்க டீச்சர். ஒரு விரலால தள்ளுங்க."

தள்ளினேன். சத்தமே இல்லாமல் கதவு போய்ச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் வெண்ணெய் மாதிரி நழுவி விழுந்தது. எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். பழைய பொருளைச் சுத்தம் செய்யலாம், மறுபடி வேலை செய்ய வைக்கும்முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும்... வகுப்பின் முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்று நானே மறந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. மற்றச் சுவர்களை எல்லாம் பக்கத்து ஆலை ஓய்ந்திருந்த இடைவேளைகளில் பார்த்து முடித்தாகிவிட்டது. மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் நடுவே இருந்த சுவர் மட்டும் பாக்கி. ஐந்தரைக்கு மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். அந்தச் சுவரைப் பகலில் பார்க்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்ப்போம். நன்றாக ஒட்டியிருந்தால் "டக்" என்று கேட்கும். உள்ளே ஒட்டு விட்டுப்போயிருந்தால் "டொப்" என்று கேட்கும். அந்த இடத்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். இதற்கு அமைதி வேண்டும். பக்கத்தில் மரம் அறுக்கும் ஆலை. ஆறு மணிக்குத்தான் அது ஓயும்.

"நான் இருக்கேன்ல, ரெண்டு பேரும் சேந்தா அரை மணி நேரம். டிரிப்பை முடிச்சுட்டு வண்டியை ஷெட்டுல விட்டுடலாம்" என்றார் அத்தான்.

ஆறு மணிக்கு ஆலை நின்றது. காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி.

நான் மூன்றாம் அறையில். அத்தான் நான்காம் அறையில். ஒரே சுவர், இரண்டு பக்கம். இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் காது ஏமாந்துவிடும். அதனால் முறை வைத்துக்கொண்டோம். தரையிலிருந்து ஓர் அடிக்கு ஒரு வரிசை. ஒரு வரிசைக்குப் பத்துத் தட்டு. என் வரிசை முடிந்ததும் நான் மூன்று முறை பலமாகத் தட்டுவேன். பிறகு அவர் தன் பக்கம் அதே வரிசையைத் தட்டிவிட்டு, மூன்று முறை தட்டுவார். அடுத்தது என் முறை.

"சுத்தியலை எடுத்துக்குங்க அத்தான்."

"முதல்ல ஏணியைக் கொண்டுபோய் வெச்சுட்டு வரேன். நீ உன் ரூமுக்குப் போ தாயே. ரைட்... ரைட்..."

நான்கு படி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். மணி 6:06. நான் அவரை நல்லபடியாகக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

6:08. முதல் வரிசை. டக்... டக்... டக்... டொப். ஒரு வட்டம். இன்னும் சற்றுத் தள்ளி இன்னொரு வட்டம். முடித்துவிட்டு மூன்று முறை தட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பத்துத் தட்டு. கடைசியில் மூன்று. தாளில் நேரம் எழுதினேன். 6:12.

இரண்டாம் வரிசை. எனக்கு லேசாக எரிச்சல் வந்தது. அவர் தட்டுகிற சத்தம் மரச் சுத்தியல் சத்தம் போல இல்லை. விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி மெத்தென்று இருந்தது. முப்பத்தோரு வருடம் கண்டக்டர் சொன்னதைக் கேட்காதவர், நான் சொன்னதையா கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

6:16. மூன்றாம் வரிசை. அவர் பக்கம் பதினொரு தட்டு. எண்ணத் தெரியாதா இவருக்கு?

நான்காம் வரிசையில் என் பக்கம் மூன்று வட்டங்கள் சேர்ந்தாற்போல வந்தன. அவர் முறை வந்தபோது ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அவர் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவில்லை. ஒரே இடத்தில் தட்டினார். நான் வட்டம் போட்டிருந்த இடத்துக்கு நேர் பின்னால். சரியாக அந்த இடத்தில். நான் போட்ட வட்டம் அவருக்கு எப்படித் தெரியும்?

6:24. ஐந்தாம் வரிசை. நான் ஆறாவது தட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து மூன்று தட்டு வந்துவிட்டது.

"அத்தான், என் முறை! அவசரப்படாதீங்க!"

கேட்காது என்று தெரிந்தும் கத்தினேன். மறுபடி மூன்று தட்டு. இந்த முறை வேகமாக. நான் பதிலுக்குத் தட்டினேன். உடனே மூன்று. நான் தட்டினேன். உடனே மூன்று. விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். ஆமாம்... சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

6:28. ஆறாம் வரிசை. நான் ஏணியின் இரண்டாம் படியில் நின்றேன். என் முறை முடிந்தது. மூன்று தட்டினேன்.

அவர் பதில்... என் தலைக்கு மேலே கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். அதே தடிமனான வெள்ளைச் சுவர்தான். மறுபடி தட்டு. என் தலைக்கு நாலைந்து அடி மேலே. பத்து, பதினோரு அடி உயரம் இருக்கும்.

அவரிடம் இருப்பதும் நான்கு படி ஏணிதான். அதன் உச்சியில் ஏறி நின்று கையை நீட்டினால்கூட ஒன்பது அடிக்கு மேல் எட்டாது. அத்தான் என்னைவிடக் குள்ளம்.

6:32. ஏழாம் வரிசையைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் தட்டியது. ஏழாவதும் முடிந்தது. எட்டாவதும் முடிந்தது. ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு வட்டம், ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

அந்தப் பக்கம் சத்தம் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டு அடி. பதின்மூன்று அடி. கூரையை ஒட்டி...

வேகம் கூடியது. தட் தட் தட் தட் தட்...

தட்டுவது போலவே இல்லை. யாரோ சுவரைப் பிறாண்டிக்கொண்டு மேலே ஏறுவது போல இருந்தது.

சட்டென்று நின்றது.

6:39. போனை எடுத்து அத்தானை அழைத்தேன்.

அவர் போனில் பஸ் ஹாரன் சத்தம்தான் மணி. அக்கா எத்தனை திட்டியும் மாற்றவில்லை. பாம்... பாம்... கேட்டது. ஆனால் அந்த அறையிலிருந்து வரவில்லை.

நடையிலிருந்து வந்தது.

வெளியே ஓடினேன். நடையில் போட்டிருந்த பெஞ்சில் அவருடைய பை. போன் அதற்குள் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவர் கண்ணாடி. மூச்சிரைப்பு ஸ்ப்ரே.

ஸ்ப்ரேக்குப் பக்கத்தில் அவருடைய மரச் சுத்தியலும் சாக்பீஸும். நான் எடுத்து வைத்தது வைத்தபடி இருந்தன.

திரும்பினேன்.

நான்காம் அறைக் கதவு சாத்தியிருந்தது.

தாழ்ப்பாள் போட்டிருந்தது. வெளியிலிருந்து.

அந்த நடையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"அத்தான்!"

கதவில் காதை வைத்தேன். உள்ளே ஒரு சத்தம்... சர்ர்ர்ர்ர்... நிற்காமல். மூட்டையைக் கிழித்துக் கொட்டினால் வருமே, அந்தச் சத்தம்.

தாழ்ப்பாளை இழுத்தேன். ஒரு விரலுக்கு அசைந்தது நேற்று. இன்று இரண்டு கையால் இழுத்தும் வரவில்லை. உள்ளேயிருந்து எதுவோ கதவின் மேல் முழு எடையோடு சாய்ந்துகொண்டிருந்தது.

"அக்கா... அக்கா..." என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏன் அக்காவைக் கூப்பிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

காலை சுவரில் ஊன்றி இழுத்தேன்.

6:43. தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்தது. சத்தம் நின்றது.

டார்ச் அடித்தேன். காலி அறை. பெருக்கிய தரை. ஓரமாகச் சாய்த்து வைத்த ஏணி. அதை விரிக்கவே இல்லை.

மூலையில் அத்தான்.

நின்றுகொண்டிருந்தார். முகத்தைக் கூரையைப் பார்த்துத் தூக்கியிருந்தார். இரண்டு கையும் தலைக்கு மேல். வாய் திறந்திருந்தது.

மூச்சு வரவில்லை.

கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இடுப்புவரை மண்ணில் புதைந்த ஆளை இழுப்பது மாதிரி இருந்தது. அவர் காலைச் சுற்றி ஒன்றுமே இல்லை...

இழுத்தேன். அழுதுகொண்டே இழுத்தேன்.

எதுவோ விட்டது.

இருவரும் கதவருகே விழுந்தோம். பெஞ்சிலிருந்த ஸ்ப்ரேயை எட்டி எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாம் முறை நெஞ்சு ஏறி இறங்கியது.

அப்போது அது கேட்டது.

தட். தட். தட்.

நான் சற்றுமுன் இருந்த மூன்றாம் அறையிலிருந்து.

அடுத்தது நான் தட்ட வேண்டும் என்று சொன்னது.

மருத்துவமனைக்கு நான் எப்படிக் கார் ஓட்டினேன் என்று தெரியாது. 7:05க்கு அவசரப் பிரிவில் சேர்த்ததாகச் சீட்டு சொல்கிறது. கிடங்கின் வெளிக்கதவைப் பூட்டவில்லை. பெஞ்சில் இருந்தவற்றை எடுக்கவில்லை. அத்தான் காரின் பின் சீட்டில் படுத்திருந்தார். மூச்சு மட்டும் விசில் மாதிரி வந்து போய்க்கொண்டிருந்தது. அந்த விசில் நின்றுவிடக் கூடாதே என்றுதான் என் கவனம் எல்லாம்.

மருத்துவர் இளம்பெண். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். கையில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதில் மஞ்சளாகக் கொஞ்சம் உமி.

"மூக்குலயும் தொண்டையிலயும் நிறைய இருந்துது. தானிய மில்லுல வேலை பாக்குறாரா?"

"இல்ல. பஸ் டிரைவர்."

"தானியத்துக்குள்ள விழுந்தவங்களுக்குத்தான் இப்படிப் பாத்திருக்கேன். நல்லவேளை, சீக்கிரம் கொண்டுவந்தீங்க."

அக்கா வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலை அத்தான் பேசினார். அக்கா டீ வாங்கப் போயிருந்த நேரம்.

"ஏணியை வெச்சுட்டுத் திரும்புனேன். கதவு சாத்தியிருந்துது. நான் தட்டலைம்மா. ஒரு தட்டுகூடத் தட்டலை."

"பின்ன யாரு அத்தான்?"

அத்தான் தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்குப் பின்னாடி நின்னுட்டுதான் தட்டினான். என் தோள் மேல கையை நீட்டி. நீ பதிலுக்குத் தட்டத் தட்ட... அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்."

அக்கா டீயோடு வந்துவிட்டாள்.

மன்றத்துக்கு அறிக்கை கொடுத்தே ஆக வேண்டும். பத்து மணிக்கு நூலகரை அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். நல்ல வெயில். நடையில் எல்லா விளக்கும் போட்டிருந்தது. நான் வட்டங்களின் இடத்தை அளந்து சொல்லச் சொல்ல, அவர் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டே வந்தார். எட்டாம் வரிசை முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ன?"

தாளை என் பக்கம் திருப்பினார். கீழே தள்ளித் தள்ளி இரண்டு வட்டங்கள். மேலே போகப் போக அவை சேர்ந்துகொள்கின்றன. நடுவில் அகலம். ஆறாம் வரிசையில் ஓர் உருண்டை. அதற்குப் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக எட்டாம் வரிசை வரைக்கும்... தூக்கிய ஒரு கை.

நான்கு நாள் கழித்து நூலகர், கிடங்கின் பழைய பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கட்டடம் கட்டி மூன்றாம் வருடத்துப் பதிவு. எழுத்து அழகாக இருந்தது.

"நான்காம் அறை. தானியத்தைச் சமன் செய்ய உள்ளே இறங்கியவர் மேலே வரவில்லை. அறை முத்திரையிடப்பட்டுவிட்டபடியால் திறக்க அனுமதி கிடைக்கவில்லை. மூன்றாம் அறையில் வேலை செய்தவர்கள் இரவு வரை சுவரில் தட்டும் ஒலி கேட்டதாகச் சொல்கிறார்கள். பதிலுக்குத் தட்ட வேண்டாம் என்று அவர்களுக்கு உத்தரவு."

நான் தட்டினேன். வரிசைக்கு வரிசை, மூன்று மூன்று முறை.

மன்றம் முடிவைத் தள்ளிவைத்து, ஆறு வாரம் கழித்து வெளியூரிலிருந்து பொறியாளர்களை வரவழைத்தது. அவர்கள் கருவி வைத்து அந்தச் சுவரைச் சோதித்தார்கள். நான் போகவில்லை. அறிக்கை மட்டும் வந்தது. மூன்றாம் நான்காம் அறைகளுக்கு இடைப்பட்ட சுவர் முழுவதும் உறுதி. பூச்சு எங்கும் விட்டுப்போகவில்லை. என் தாளில் உள்ள வட்டங்கள் தவறுதலாகப் போடப்பட்டிருக்கலாம்.

இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன். விட்டுப்போன பூச்சு தானாக ஒட்டிக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சுவரில் இருந்தது இப்போது அங்கே இல்லை. அவ்வளவுதான் அந்த அறிக்கைக்கு அர்த்தம். படித்ததும் காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அது புது வீடு. கட்டி ஆறு வருடம்கூட ஆகவில்லை. செங்கல், சிமென்ட். அக்கா வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நீ கூட்டிட்டுப் போனதுலேர்ந்து இவருக்கு மூச்சிரைப்பே இல்லடி! ஸ்ப்ரேயைத் தொட்டே ஒரு மாசம் ஆச்சு. உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"நல்லாத் தூங்குறாராக்கா?"

"அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறார். என்ன... தூக்கத்துல சுவத்தைத் தட்டுவார். மூணு மூணு தட்டா. அது ஒண்ணும் பெரிய தொந்தரவு இல்ல."

அத்தான் கடைக்குப் போயிருந்தார். அவர்கள் படுக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பட்டப்பகல், 3:20. கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது. விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தேன். டக்... டக்... டக்...

டொப்.

பென்சிலால் மெல்லிசாக வட்டம் போட்டேன். பத்து நிமிடத்தில் முழுவதும் வந்துவிட்டது. தள்ளி வைத்த இரண்டு கால். உடம்பு. தலை. கை மட்டும் இப்போது மேலே தூக்கி இல்லை. கீழே இறங்கி, கட்டிலை நோக்கி நீண்டிருந்தது.

அந்தக் கை முடிகிற இடத்தில், அத்தான் தலையணையின் உயரத்தில், இன்னோர் உருவம் ஆரம்பித்திருந்தது. படுத்த நிலையில். அன்றைக்கு அது என் உள்ளங்கை அளவுதான்.

கட்டிலை மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன். அத்தான் சிரிக்கிறார். அங்கே படுத்தால்தான் மூச்சு வாங்காமல் தூக்கம் வருகிறதாம். அக்கா என்னை முறைக்கிறாள். நல்லாயிருக்கும் மனுஷனை ஏன் பயமுறுத்துகிறாய் என்கிறாள்.

அதனால் ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு போகிறேன். தட்டிப் பார்க்கிறேன். அளக்கிறேன். தேதி போட்டு எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

போன ஞாயிறு தலையும் தோளும் முடிந்திருந்தன. நேற்று மார்பு வரை வந்திருக்கிறது.